கால்மிதிக்கு அடியில் ஈரம்

சேரப்பணஞ்சேரி
15.6.2025

ரஞ்சனி அப்பாவுக்கு,

சாரதா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். குஜராத்தில் வெயில் எப்படி? உங்கள் ஃபேக்டரியில் புது லைன் ஓட ஆரம்பித்துவிட்டதா? ரஞ்சனிக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

வியாழக்கிழமை காலை அத்தையைக் கண் பரிசோதனைக்குத் தண்டலம் அழைத்துப் போனேன். ஒரகடம் மேம்பாலம் தாண்டியதும் வண்டியின் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ஓரங்கட்டி நிறுத்தினேன். யாரைக் கூப்பிடுவது? உங்கள் தம்பி சுபாஷுக்குத்தான் போன் செய்தேன். இரவு ஷிப்ட் முடித்து வாலாஜாபாத் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அப்படியே பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். தூரத்திலிருந்தே, "அண்ணி, கை வெக்காதீங்க!" என்று கத்தினார். திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில் அடித்திருக்குமாம். முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத் திறந்தால் உள்ளே பாதிகூட இல்லை. தண்ணீர் ஊற்றினோம். அத்தையை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மெதுவாகப் படப்பை வந்து ஐயனார் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம்.

ஐயனார் நிதானமான ஆள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. குழாய்கள் காய்ந்திருந்தன. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. இன்ஜின் தப்பித்தது என்றார். பிறகு ஒரு கைப்பம்பை மாட்டிக் காற்றழுத்தம் கொடுத்தார். பம்பின் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எங்கேயோ போகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முன் சீட்டில் உட்கார்ந்தால் கால் நனைகிறது என்று அத்தை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏசி தண்ணீர் என்று நான் விட்டுவிட்டேன். ஐயனார் கால்மிதியைத் தூக்கி வெள்ளைத் துணியால் ஒற்றினார். துணியில் துரு நிறம். ஏசி தண்ணீர் என்றால் தெளிவாக இருக்குமாம். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதுதான் அரித்து ஓட்டையாகி உள்ளேயே கசிந்திருக்கிறது. கழற்றிக் காட்டினார். உள்ளே உப்பும் துருவும் அடைத்துக் கிடந்தன.

என்ன தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டார். காசு கொடுத்துக் கூலண்ட் எதற்கு என்று இரண்டு வருடமாக நம் வீட்டு போர்வெல் தண்ணீரை நீங்கள் ஊற்றியதைச் சொன்னேன். அந்த உப்புத் தண்ணீர்தான் காரணம் என்றார். சுபாஷ் எடுத்துப் போய் வண்டி சூடேறிய அந்த ஒரே ஒரு திருப்பதிப் பயணத்தில் இப்படி ஆகியிருக்குமா என்று நானே கேட்டேன். "இது மாசக்கணக்குல அரிச்சதும்மா. மலை ஏறும்போது தெரிஞ்சிருக்கும், அவ்ளோதான்" என்றார்.

சுபாஷ் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பொங்கலுக்கு மறுநாள், சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், வண்டியைக் கொன்றுவிட்டான் என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்குப் பிறகு அவர் நம் வாசல் மிதிக்கவில்லை. இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். கிளம்பும்போது மட்டும், "அண்ணனாண்ட இதெல்லாம் சொல்லாதீங்க அண்ணி. அங்க தனியா கீறாரு" என்றார்.

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் அப்படிச் சொன்ன அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அந்தத் தப்பு என்னுடையது.

நம் ஊருக்கு ஹீட்டர் எதற்கு என்று ஐயனார் அதை விலக்கிவிட்டுக் குழாய்களை நேராக இணைத்துவிட்டார். கூலண்ட் ஊற்றியாயிற்று. மூன்று நாளாக முள் நடுவிலேயே நிற்கிறது. அத்தையின் கண் பரிசோதனையும் நேற்று முடிந்தது, பயப்பட ஒன்றுமில்லை.

சுபாஷ் மனைவி ஜோதிக்கு ஏழாம் மாதம் பிறக்கப்போகிறது. ஆனி கடைசியில் வளைகாப்பு. நமக்கு இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்று தயங்குகிறார்கள் போலிருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை சுபாஷுக்கு லீவு. காலையில் ஒரு போன் செய்யுங்கள். வண்டியைப் பற்றிப் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சாரதா