எனக்கும் சேர்த்துக் கும்பிட்டவனுக்கு

என் உயிருக்கு உயிரான வேலு மச்சானுக்கு,

நீ போய் இன்றோடு மூன்று வருஷம். நம்ம மோட்டார் சைக்கிள் மறுபடியும் ஓடுகிறது. ஓட்டுகிறவன் நான்தான், ஒற்றைக் கையோடு. சிரிக்காதே. "ஆலை மெசின் பிட்டருக்குக் கை போனாலும் திமிரு போகலடா" என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது.

ஆமாம், இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அதைப் பார்க்க நீ இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உன்னைத்தான் கேட்டேன். கையைப் பற்றிக் கேட்கவே இல்லை. எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

சீமைக்குப் போகும்போது தோட்டத்துத் துரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த வண்டி, இரண்டு வருஷம் தேயிலை ஆலையின் பின்கட்டில் சாக்கு மூடிக் கிடந்தது. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். என் தங்கச்சிதான், அதுதான் உன் பவளம், ஒரு நாள் வந்து சொன்னாள். "அண்ணே, அவரு ஒக்காந்து வந்த வண்டி. துருப்புடிக்க விட்டுறாதீங்க." அவள் சொன்ன பிறகு நான் என்ன செய்ய?

மூன்று மாசம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை செய்தேன். இடது கைப் பக்கம் இருந்த கிளச்சை வலது கைப் பக்கம் கொண்டுவந்தேன். பிரேக்கைக் காலுக்கு விட்டுவிட்டேன். ஆலையில் அறுந்து கிடந்த பழைய பெல்ட்டுத் தோலை வெட்டி, மொட்டைக் கையை ஊன்றிக்கொள்ள ஒரு கிண்ணம் தைத்து ஹேண்டிலில் பூட்டினேன். கொழுந்து நிறுக்கிற முற்றத்தில் முதல் சுற்றுச் சுற்றியபோது பொம்பளைகள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். "ஐயோ, பிட்டரு பறக்குறாரு டோய்! விழுந்தா எங்க கூடையில விழுங்க, கொழுந்து மெத்துன்னு இருக்கும்!" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான்.

ஆனால் ரோட்டுக்கு வந்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்கு ஏறுகிற ரோட்டில் அந்த முனியாண்டி வளைவு இருக்கிறதே, அங்கே வந்தால் பின் சீட்டு தானாக அழுந்துகிறது. ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. இன்னொன்றும் நடக்கிறது மச்சான். இல்லாத என் இடது கை எழுந்து நெற்றிக்குப் போகிறது. விரல் ஐந்தும் நெற்றியில் படுவது தெரிகிறது. அது நீதானா? இல்லை, நான் செய்த காரியம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா?

அந்த வளைவில் முனியாண்டியைக் கும்பிடாமல் தாண்டுகிற ஆள் இந்த மலையில் உண்டா? லொறிக்காரன் நிறுத்திச் சூடம் கொளுத்துவான். நமக்கு நீ ஒரு ஏற்பாடு வைத்திருந்தாய். "நீ ஓட்டு மச்சான், கைய எடுக்காத. ஒனக்கும் சேத்து நான் கும்பிட்டுக்கிறேன்." எத்தனை வருஷம் அப்படித்தான் போனோம்.

நீ போன அன்றைக்கு மட்டும் வண்டியிலேயே சண்டை. இந்த இலங்கையே வேண்டாம், பவளத்தைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்கே போய்விடுவேன் என்றாய். போறதுன்னா நீ போ, என் தங்கச்சியை விட்டுட்டுப் போ என்றேன். வாய்க் கொழுப்பு எனக்கு. உனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னிக்கி ஒனக்கு நீயே கும்பிட்டுக்க!" என்றாய்.

ஆஸ்பத்திரியில் பாதி மயக்கத்தில் "அவன் கும்பிட மாட்டேன்னான்" என்று நான் உளறியிருக்கிறேன். அது எனக்கு முன்னால் நாம் குடியிருக்கிற லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. வேலு கும்பிடவில்லை, முனி அடித்துவிட்டது என்று வீட்டுக்கு வீடு பேச்சு. நீ முகம் பார்க்காத உன் மகளை "முனி அடிச்சவன் புள்ள" என்று கூப்பிடுகிறார்கள். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. என்னைவிடக் கேடுகெட்டவன் உண்டா?

இன்று காலை உன் தெவசத்துக்கு அந்த வளைவுக்குப் போக வேண்டும் என்றாள் பவளம். பஸ்ஸில் வர மாட்டாளாம், உன் சீட்டில்தான் வருவாளாம். கூட்டிப் போனேன். எலுமிச்சம்பழம் வைத்தாள், சூடம் ஏற்றினாள். "சாமி, ஏதோ கோவத்துல கும்பிடாம வந்துட்டாரு. எம்புள்ளையையாச்சும் மன்னிச்சு விட்டுரு" என்று தரையில் நெற்றியை வைத்து அழுதாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "அவன் கும்பிட்டான் பவளம்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ கும்பிட மாட்டேன் என்றதும், வீம்புக்கு ஹேண்டிலிலிருந்து இடது கையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனவன் நான். வண்டி ஆடியது. "மச்சான், கைய எடுக்காத! நான் கும்பிடுறேன்!" என்று கத்தினாய். என் இடுப்பைப் பிடித்திருந்த உன் இரண்டு கையும் விலகின. எனக்காகக் கும்பிட்டாய். பிடி இல்லாமல் பள்ளத்தில் போனாய். நான் கல்கட்டில் மோதிக் கையை மட்டும் கொடுத்துத் தப்பித்தேன்.

பவளம் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். மூன்று மைல் கட்டை தூரம் அவள் முன்னால், நான் முதல் கியரில் பின்னால். தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில் நின்று ஒரே ஒரு தடவை திரும்பினாள்.

"நாளைக்குப் பெரட்டுல எல்லார் முன்னுக்கும் சொல்லுங்க. சொன்னா ஏறுறேன். இல்லாட்டி இந்த வண்டியும் வேணாம், அண்ணனும் வேணாம்."

சொல்கிறேன் மச்சான். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா வேலைக்குப் பேர் கூப்பிடும் முன்னால் உன் பேரை நான் சொல்வேன். நீ கும்பிட்டாய் என்று சொல்வேன். கையை எடுத்தவன் நான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு லயத்தில் எனக்கு என்ன பேர் வந்தாலும் வரட்டும், உன் மகளுக்கு அந்தப் பேர் வேண்டாம்.

களம் வரைக்கும் வண்டியில்தான் போவேன். பயமாக இருக்கிறது. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பின்னால் ஏறிக்கொள். யாருக்காகவும் கும்பிட வேண்டாம். என் இடுப்பைப் பிடித்துக்கொள், கையை எடுக்காதே.

உன் மேல் பழி விழப் பார்த்துக்கொண்டிருந்த பாவி,
உன் பவளத்தின் அண்ணன்,
உன் மச்சான் மாணிக்கம்