கடல் புகுந்த ஆண்டு

வெள்ளவத்தை,
செவ்வாய் காலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் கண் ஒப்பரேசனுக்குப் பிறகு தந்த சொட்டு மருந்தை ஒழுங்காக விடுகிறீர்களா? நான் சுகம். கடைச் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போய்விட்டது. யாராவது கொழும்புக்கு வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள்.

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். பழைய ஏடுகளில் உள்ள சம்பவங்களைப் பல ஊர்க்காரரும் அனுப்ப, எங்கள் அலுவலகத்தில் நாங்கள் எட்டுப் பேர் சரிபார்த்துப் பட்டியலில் சேர்க்கிறோம். சரிபார்த்தவர் யார் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. கடல் புகுந்து நாற்பது வீடுகள் அழிந்த கதையைக் கோயில் ஏட்டிலிருந்து எழுதி அனுப்பினீர்கள். "ஆதாரம் போதாது" என்று திரும்பி வந்தது. "வாசிக்கத் தெரியாத ஆரோ திருப்பி அனுப்பிப்போட்டான், பிள்ளை. ஒருக்கா விசாரி" என்றீர்கள். நானும் "ஓம் அப்பா" என்றேன்.

திருப்பி அனுப்பியது நான்தான். உங்கள் பெயரைக் கண்டதும், தகப்பனுடையதை மகள் சேர்த்துவிட்டாள் என்று பக்கத்து மேசை ஷாமில் நினைப்பாரோ என்று பயந்துவிட்டேன். நீங்கள் கூட அனுப்பிய ஏட்டின் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேற்றுத்தான் திறந்தேன். எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கிறது. ஏடு சுருளாமல் ஓரத்தில் அம்மாவின் விரல் அழுத்திப் பிடித்திருக்கிறது.

ஷாமிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "திரும்ப அனுப்பச் சொல்லுங்க, நான் பாக்குறேன்" என்றார். அதே படத்தை அனுப்பினால் போதும். திரும்ப ஏட்டைப் பார்த்து எழுதிக் கண்ணை வருத்த வேண்டாம்.

கொள்ளுப்பிட்டி பஸ்ஸுக்கு நேரமாகிறது.

வாசிக்கத் தெரியாத உங்கள் மகள்,
தர்மினி