சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி

ஜூன் 7, சனி

மூன்று பெட்டி தோட்டா வாங்கியாயிற்று! ஜெர்மன் ஒன்று, செக் நாட்டுச் சரக்கு ஒன்று, நம்மூர்ச் சரக்கு ஒன்று. பெட்டிக்கு ஐம்பது தோட்டா. எல்லாம் திருவள்ளூரில் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் லாக்கரில்தான் இருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவர விட்டிருந்தால் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருப்பேன்.

பதினைந்தாம் தேதி ஞாயிறு கிளப்பின் பிஸ்டல் டீம் தேர்வு. நான்கு பேருக்குத்தான் இடம். போன வருஷம் நான் ஐந்தாவது. ஒரே ஒரு பாயிண்ட்! பெரியபாளையம் வரை ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன். இந்த வருஷம் விடுவதாயில்லை. எந்தத் தோட்டா என் கைக்குச் சரிப்படும் என்று முறைப்படி சோதிக்கப் போகிறேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஏழு வருஷமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டர், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

கம்பெனி வழக்கப்படி ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டேன். ஜெர்மனுக்குப் பச்சை, செக்குக்கு மஞ்சள், நம்மூருக்குச் சிவப்பு. பச்சை என்றால் பாஸ், மஞ்சள் என்றால் நிறுத்தி வை, சிவப்பு என்றால் தூக்கிப் போடு.

காட்டுப்பள்ளியில் வெல்டிங் வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இம்மானுவேல் கேட்டான்: “அப்போ புருசனுக்கு இன்னா கலரு?”

“மஞ்சா. இன்னும் செக் பண்ணல, ஓரமா நில்லு.”

“கல்யாணமாகி ஆறு வருசமாச்சு, இன்னுமா?”

ஜூன் 8, ஞாயிறு

முதல் பூசை முடிந்த கையோடு ரேஞ்ச். ஒவ்வொன்றிலும் பத்து. இருபத்தைந்து மீட்டர். பேப்பரில் ஓட்டைகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று வெர்னியர் வைத்து அளந்தேன். ஜெர்மன் 78 மில்லிமீட்டர். செக் 97. நம்மூர் 134!

நான்தான் சொன்னேனே! பச்சையே ஜெயித்தது. மேரி, உனக்கு மூளை இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

கம்பெனியில் பாட்டுப் பாடிக்கொண்டே அளந்தேன். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

போச்சு. கிளப்பில் ஜெர்மன் தீர்ந்துவிட்டதாம், அடுத்த மாதம்தான் வருமாம். என்னிடம் இருப்பது நாற்பது. தேர்வுக்கே அறுபது வேண்டும். செக்கும் இல்லை. நம்மூர்ச் சிவப்புப் பெட்டி மட்டும் கிளப் அலமாரி நிறைய இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இன்னா பண்றது? இந்த வருஷமும் ஐந்தாவதா? ஒரே பேஜாரு.

ஜூன் 11, புதன்

சிரிப்பு அடங்கவில்லை, அதனால் எழுத்து கோணல்.

பக்கத்து வரிசையில் சுடும் தேவதர்ஷினியிடம் புலம்பினேன். கோர்ட்டில் டைப்பிஸ்ட், ஒரு வார்த்தை விடமாட்டாள். “யக்கா, அந்தச் செவப்பு டப்பாவத் தொறக்கும்போதே மூஞ்சச் சுளிக்கிற. ஸ்டிக்கர எப்போ ஒட்டுன? சுட்டப்புறமா, முன்னாடியா?”

முன்னாடி! விலையைப் பார்த்து ஒட்டினேன்! போன மாதம்தான் எனக்குக் கீழே வேலை பார்க்கும் தணிகைவேலை இதே தப்புக்காகக் கம்பெனியே கேட்கும்படி கத்தினேன்: “அளக்காம டேக் போடுவியா நீ?”

அப்புறம் நான் திரும்பி நின்றேன், தர்ஷினி துப்பாக்கி மேகசினில் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தாள். எது எந்தத் தோட்டா என்று எனக்குத் தெரியாது. மூன்று பேப்பர்: 81, 83, 80. அந்த 80 எது? நம்மூர்!

ஞாயிறன்று ஆடியது தோட்டா இல்லை, சிவப்பைக் கண்ட என் கை.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு நாளில் நூற்றிருபது சுட்டேன். எல்லாம் சிவப்புப் பெட்டி. மேகசினில் தோட்டா திணித்துத் திணித்துக் கட்டை விரல் வலிக்கிறது, சுகமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மூன்றாவது!!! தர்ஷினி இரண்டாவது, ராட்சசி. கடைசி ஐந்து குண்டுக்கு முன்னால் கை நடுங்கியது. பெட்டியில் இருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, நடுக்கம் போய்விட்டது. பெரியபாளையம் வரை மறுபடியும் ஹெல்மெட்டுக்குள் அழுகை. இது வேறு அழுகை.

ஜூன் 16, திங்கள்

தணிகைவேலுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். சந்தேகமாகவே சாப்பிட்டான்.

காலையில் இம்மானுவேல் கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

“செக் பண்ணிட்டியா?”

“ஆறு வருசமா பண்ணிக்கினுதான் கீறேன்.”

சாயந்திரம் சட்டையெல்லாம் கரியாகத் திரும்பி வந்தான். ஸ்டிக்கரை உரிக்கவில்லை.