இருபத்தேழாம் பக்கம்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. வாரத்துக்கு மூன்று காலை வந்துகொண்டிருந்த துணைக்காரப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். உன் அத்தானை அவள் குளிப்பாட்டி உட்காரவைத்த அந்த மூன்று காலைகளில்தான் நான் கடைத்தெருவைப் பார்த்தேன். இப்போது வாசற்படிதான் எனக்கு எல்லை.

வீட்டுத் துணைத் திட்டத்தை அரசாங்கம் மதிப்பாய்வு செய்ததாம். முக்கால்வாசி வீடுகளுக்குத் துணையே தேவையில்லையாம். அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாக நோட்டீஸில் இருக்கிறது. அதை வைத்திருக்கும் அறைக்கு நீதானே காவல்? ஒரு பிரதி அனுப்பு.

ஃபோன் பண்ணாதே. பக்கவாதத்தில் அவருக்கு வலது கைகால் போனாலும் காது இரண்டு மடங்காகிவிட்டது. அவர் கட்டிலை மறைத்த திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான் பெருமூச்சு விட்டால், அந்தப் பக்கத்திலிருந்து "என்ன?" என்கிறார். கடிதத்தில்தான் சத்தமில்லாமல் பேசலாம். அதைக் கொண்டுவரும் தபால்காரர், கட்டிலருகே ஐந்து நிமிடம் உட்கார்ந்து அவரோடு பேசிவிட்டுப் போவார். எங்களுக்கு வாய்த்த ஒரே விருந்தாளி.

உன் அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

காவல் என்று பெரிய வார்த்தை போட்டுவிட்டாய். மூன்றாம் மாடி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, நான். இதில் வேலை செய்வது மின்விசிறி மட்டும். கீழ்மாடித் தட்டச்சு அம்மாள் என்னை 'மியூசியம்' என்றுதான் கூப்பிடுகிறார்.

விதி கேள். அறிக்கையை யாரும் படிக்கலாம். ஆனால் நேரில், காலை பத்திலிருந்து ஒன்றுவரை. பிரதி கிடையாது. ஆட்சேபம் எழுதுவதென்றால் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் படித்தவர்தான் கொடுக்கலாம், அதுவும் ஜூலை ஒன்றுக்குள். கொடுத்த ஆட்சேபத்தை அறிக்கையின் வாலில் சேர்த்துத் தைப்பார்கள். அதையும் ஊரார் படிக்கலாம். பதிவேட்டில் இதுவரை இருப்பது, பேனா எழுதுகிறதா என்று நான் பார்த்த ஒரு கிறுக்கல்.

'நான் வந்து அத்தானைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படி' என்று எழுத உட்கார்ந்தேன். பாதி வரியில்தான் உறைத்தது. நான் லீவு போட்டால் அறை பூட்டு. அறை திறந்தால் நான் அங்கே. இந்த விதியை வகுத்தவன் நம் குடும்பத்தை வந்து பார்த்துவிட்டுத்தான் வகுத்திருக்க வேண்டும்.

மியூசியம்

ஜூன் 12

தம்பி,

அவரைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டில் கேட்கலாமே என்பாய். அங்கே இருப்பவருக்கு எண்பது வயது. அவரையே இரண்டு பேர் பிடித்து எழுப்புகிறார்கள்.

பிரதி எடுக்கத்தானே தடை? படித்ததைத் தம்பி அக்காவிடம் வம்பாகச் சொல்லத் தடை உண்டா? பிறந்ததிலிருந்து நீ வேறென்ன செய்தாய்? சொல்லு. துணை தேவையில்லை என்று அவர்களிடம் சொன்ன புண்ணியவதி யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

ஜூன் 18

அக்கா,

இதை மனசுக்குள் படி. நீ முணுமுணுத்துப் படிக்கிறவள். அப்பாவுக்கு வந்த கடிதமெல்லாம் உன் புண்ணியத்தில் தெருவுக்கே மனப்பாடம்.

மொத்தம் நூற்றுப்பத்துப் பக்கம். முதல் பத்து யாருக்கு நன்றி என்பது. அடுத்த பத்து படம். இருபத்தேழாம் பக்கத்தை எழுதலாமா என்று நான்கு நாள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் நாற்பது வீடுகளுக்குப் போனாராம். 'எடுத்துக்காட்டாக ஒரு வீடு' என்று எழுதியிருக்கிறார். வீடு கண்ணாடி போல் இருந்ததாம். நோயாளி சலவைச் சட்டையில் இருந்தாராம். விளிம்பில் மயில் போட்ட நீலத் தட்டில் பிஸ்கட் வைத்தார்களாம். அந்த வீட்டு அம்மாள், "எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, நானே பார்த்துக்கொள்வேன்" என்றாராம். இப்படிப்பட்டவர்களுக்கு அரசுத் துணை மிகை என்று முடித்திருக்கிறார்.

அக்கா, அந்த மயில் தட்டு நம் அம்மாவுடையது.

தம்பி

ஜூன் 22

தம்பி,

நான்தான். அந்த ஆய்வாளரும் விருந்தாளிதானே என்று விடிவதற்குள் எழுந்து வீட்டைத் துடைத்தேன். கேள்வி கேட்கத்தான் வந்தார் என்று தெரியும். ஆனால் எங்கே உட்கார்ந்து கேட்டார் தெரியுமா? திரைச்சீலைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் உன் அத்தான் விழித்திருந்தார். "இவரைப் பார்த்துக்கறது கஷ்டமா இருக்காம்மா?" என்று அந்த மனுஷன் சத்தமாகவே கேட்டார். நான் என்ன சொல்ல? தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போனதையா? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதையா?

இப்போது ஆட்சேபம் எழுதினால் அதைத் தைத்து ஊருக்கே வைப்பார்கள். அவர் எனக்குப் பாரம் என்று நானே கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம். நான் உள்ளேயே இருந்துகொள்கிறேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

அக்கா

ஜூலை 1

அக்கா,

எழுதாதே என்றாய். உன் பேச்சை நான் எப்போது கேட்டேன்?

இன்று பன்னிரண்டரைக்கு அறைக்கு முதல்முறையாக ஒரு வாசகர் வந்தார். உங்கள் தபால்காரர். லீவு போட்டு, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கினார். கையெழுத்திட்டார். இருபத்தேழாம் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "இதான் சார் ஆட்சேபம்" என்று நீட்டினார். எழுத்து அவருடையது. அடியில் கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து; அத்தான் இடது கையால் போட்டது.

அத்தானுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அத்தான் சொன்னதைத் தபால்காரர் அப்படியே சொன்னார்: "என் பொண்டாட்டி எல்லாக் கடுதாசியையும் எனக்குப் படிச்சுத்தான் காட்டுறா. அது அவளுக்குத்தான் தெரியாது." நீ குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, ஐந்தைந்து நிமிடமாக மூன்று நாள் சொல்லி எழுதவைத்தாராம்.

மேலதிகாரி விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். கொடுப்பவர் படித்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, எழுதியவர் படித்திருக்க வேண்டும் என்று இல்லை. தடுக்க வழியில்லாமல் முத்திரை குத்தினார். குழு கூட மூன்று மாதமாகும். துணை திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது.

'என் மனைவி அன்று சொன்னது பொய்' என்று அது தொடங்குகிறது. மீதி நாலு வரி. வம்பு சொல்லியே வளர்ந்த எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. மேலே அரசாங்கத்தின் விலாசம் இருக்கிறது, எழுதியிருப்பது உனக்கு. பிரதி கிடையாது. நேரில் வந்துதான் படிக்க வேண்டும். உன்னால் வர முடியாது. ஆனால் எழுதியவர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார், நாள் முழுக்க.

இந்தக் கடிதத்தை மட்டும் சத்தமாகப் படி.

தம்பி