நிற்காமல் ஓடும் என்று நான்தான் சொன்னேன்

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதே. மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அலுமாரிக்கு மேலே நீ தந்த கணினிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் விசிறி துப்பும் சூடான தூசி மணம் அறை முழுக்க நிற்கிறது. முன்பெல்லாம் அந்த மணத்தோடு உன் நினைவும் சிரிப்பும் வரும். இப்போது எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிடுகிறேன்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரே அறையில் இருந்து படித்த காலத்திலேயே நீ பிட்கொயின் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டாய். நான் அரைக் காதோடு கேட்பேன். பிள்ளை பிறந்து நான் வீட்டோடு முடங்கியிருந்த மாதங்களில் ஒருநாள், பழைய கணினியொன்றைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். "என்ரை வாடகை வீட்டிலை உந்தப் பெட்டியை வைச்சால் வீட்டுக்காரன் கரண்ட் பில்லுக்குச் சண்டைக்கு வருவான். உன்ரை வீட்டிலை ஓடட்டும்" என்றாய். உலகத்தில் நடக்கும் பிட்கொயின் கொடுக்கல்வாங்கல் எல்லாவற்றின் பிரதியும் எங்கள் வீட்டுக்கு வரும், ஒவ்வொன்றையும் எங்கள் பெட்டியே சரிபார்க்கும் என்று விளங்கப்படுத்தினாய். அது ஒரு சதமும் உழைத்துத் தராது என்பதையும் அன்றே சொன்னாய். "காசுக்கில்லையடி. ஆரோ சொல்லுறதை ஏன் நம்பவேணும்? நாங்களே பாப்பம்."

எல்லாம் இறங்கி முடிய மூன்று கிழமை பிடித்தது. நடுவில் கரண்ட் போய், பதிவு பழுதாகி, திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம். அடுத்த நாளே நீ ஒரு பற்றரியோடு வந்தாய். வாணி விழாவில் சரஸ்வதி பூசைக்கு நான் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தபோது, "உனக்குப் பட்டம் தந்தவையைத்தான் ஏசவேணும்" என்று நக்கலடித்தாய். பால் போத்தலும் காய்ச்சலுமாய்க் கழிந்த அந்த நாட்களில், படித்தவள் என்ற நினைப்பை எனக்குத் திருப்பித் தந்தது அந்தப் பெட்டிதான்.

அதற்குப் பிறகுதான் புத்தூரிலிருந்து மூன்று பெண்களைக் கூட்டி வந்தாய். உன் அம்மாவின் சொந்தக்காரர், பெட்டியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அலுமாரிக்கு முன்னால் நின்று, பொட்டைக் கண்டதும் ஒரு அன்ரி கும்பிட்டார். நான் தேத்தண்ணி கொண்டு வந்தபோது அவர்தான் கேட்டார்: "பிள்ளை, உது நிக்காமல் ஓடுமோ?"

"ஓம் அன்ரி, கரண்ட் போனாலும் நிக்காது."

நீ என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றாய்.

நீ கொழும்புக்கு வேலை என்று போய், உன் போன் இலக்கமும் செத்து, இரண்டு மாதமாகிறது. போன கிழமை அந்த அன்ரி தனியே வந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெங்காயம் விற்ற காசும், மகளின் காப்புகளை வங்கியில் அடைவு வைத்த காசும் உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதை இந்தப் பெட்டி பெருக்குகிறது, பெட்டி ஓடும்வரை காசு பத்திரம் என்று சொல்லியிருக்கிறாய். "அவள் சொல்லேக்கை எனக்கு அரை மனந்தான். நீர் சொன்னபடியாத்தான் பிள்ளை குடுத்தனான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. என் உண்மையை எடுத்து உன் பொய்க்கு முண்டு கொடுத்திருக்கிறாய். வீட்டுக்காரனின் கரண்ட் பில் கதையும் இதற்காகத்தானா, இல்லை இந்தப் புத்தி பிறகு வந்ததா? ஒவ்வொரு நாளாகப் புரட்டிப் பார்க்கிறேன். எந்த நாளோடு நீ என் சிநேகிதியாய் இல்லாமல் போனாய் என்று பிடிபடவில்லை.

வீட்டில் இவரிடம் எல்லாம் சொன்னேன். பெட்டியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உண்மையா உமக்கு ஒண்டும் தெரியாதோ?" என்று கேட்டார். கலியாணம் கட்டி நாலு வருடத்தில் என்னிடம் அவர் அப்படிக் கேட்டதில்லை.

பெட்டியை நிற்பாட்டச் சொல்கிறார். நிற்பாட்டினால், காசைச் சுருட்டிக்கொண்டு மூடிவிட்டாள் என்பார்கள். ஓடவிட்டால், காசு இன்னும் உள்ளே இருக்கிறது என்று நம்பி வந்து நிற்பார்கள். இரண்டுக்கும் பயந்து அதைத் தொடாமல் இருக்கிறேன். இன்றைக்கும் அதில் ஏதும் பிழைத்தால், எப்படித் திருத்துவதென்று உன் குரலில்தான் எனக்குள் கேட்கிறது. அந்தக் குரலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வருகிறார்கள். அவர்களுக்கு நீ பதில் சொல்லத்தான் வேண்டும். எனக்கு வேண்டியது ஒரு வரி: எனக்கு ஒன்றும் தெரியாது என்று, உன் பெயரைப் போட்டு. அவர்களுக்குக் காட்ட முதல் இவருக்குக் காட்ட வேண்டும். இந்த மின்னஞ்சலை நீ இன்னும் திறக்கிறாயென்றால், ஞாயிறுக்கு முதல் பதில் போடு.