பென்சில் வட்டம்

ஜூன் 3, திங்கள்

இன்று இரங்கல் விளம்பரம் பதினேழு. 'காலமானார்' என்று பதினேழு தடவை அடித்துவிட்டு உட்கார்ந்தால் சோறு இறங்குமா? இந்த மாலைப் பத்திரிகையில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. நிருபர்கள் போனில் சொல்லச் சொல்ல அடிப்பது, அச்சுக்குப் போகுமுன் பக்கங்களில் பிழை பார்ப்பது, டீ சொல்வது. என் பெயர் இதுவரை வந்திருப்பது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான்.

பக்கத்து மேசைக்காரி சேர்ந்து எட்டே மாதம். அதே வேலை, அதே சம்பளம். இன்று மூன்றாம் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு அவள் கட்டுரை, கொட்டை எழுத்தில் அவள் பெயர்! பேருந்து நிறுத்தத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவரைப் பற்றி. செய்தி ஆசிரியர் எல்லோர் காதிலும் விழும்படி, "எழுத்துன்னா இது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வயிறு எரிந்தது. என் நோட்டில் எனக்கென்ன வெட்கம்? வயிறு எரிந்தது.

ஜூன் 4, செவ்வாய்

அவளுக்கு 'மகாராணி' என்று பெயர் வைத்துவிட்டேன். இந்த நோட்டுக்குள் மட்டும்.

ஜூன் 7, வெள்ளி

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா மகாராணியின் கட்டுரையைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். "இந்தப் பொண்ணு உங்க ஆபீஸா? என்னமா எழுதுறா!" அண்ணன் சும்மா இருப்பானா? "இவளும் தினம் எழுதுறாம்மா, செத்தவங்கதான் படிக்கணும்" என்றான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெயர் என் மூக்குக்கு நேரே நிற்கிறது.

ஜூன் 12, புதன்

விஷயம் பெரிது. ஜன்னலோரத்துத் துணை ஆசிரியர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எங்கள் இருவரில் ஒருவருக்காம். கிடைத்தால் எழுதலாம், நிரந்தரம். கிடைக்காவிட்டால்? உதவியாளர்களை நாலு வருடத்துக்கு மேல் இங்கே வைத்துக்கொள்வதில்லை. எனக்கு அடுத்த மார்ச்சோடு முடிகிறது.

என்னிடம் என்ன இருக்கிறது? கண் இருக்கிறது. ஆபீஸில் எனக்குக் 'கழுகு' என்று பெயர். ஒரு புள்ளி தப்பினாலும் பிடித்துவிடுவேன். மகாராணிக்கோ சின்ன ல, பெரிய ள தகராறு. தினம் பத்துத் தடவை, "அக்கா, இதுக்கு எந்த ள?" அந்த 'அக்கா'தான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

ஜூன் 19, புதன்

இதை எழுதாமல் விட்டால் நல்லது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு முதல் பக்கம் என்னிடம் வந்தது. எங்கள் வழக்கம் இது: சந்தேகம் வந்தால் முதலில் பென்சிலில் வட்டம், சரிபார்த்த பிறகு அதன் மேல் பேனா. பேனா வட்டத்தைத்தான் வடிவமைப்பாளர் திருத்துவார். பார்த்து முடித்ததும் மூலையில் கையெழுத்து.

மகாராணி அடித்த தலைப்பு: 'மருந்துத் தட்டுப்பாடு: தலைமை மருத்துவர் விலக்கம்.'

மருத்துவர் கொடுத்தது விளக்கம். சின்ன ல போட்டதால் மனிதரை வேலையை விட்டே விலக்கியாகிவிட்டது. பார்த்த மாத்திரத்தில் பென்சில் வட்டம் போட்டேன். பேனா மூடியையும் திறந்தேன்.

அப்போது எதிரே செய்தி ஆசிரியர் அவளிடம் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். ஜன்னலோரத்து நாற்காலியில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ரப்பரை எடுத்தேன். அழித்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அரை நிமிஷம்கூட இருக்காது.

ஜூன் 20, வியாழன்

காலை முதல் போன். நாலாவது போனை நான்தான் எடுத்தேன். அந்த மருத்துவரின் அம்மா. "என் பையன் என்னம்மா தப்புப் பண்ணான்? தெருவுல எல்லாரும் கேக்குறாங்க." எழுத்துப் பிழைங்கம்மா என்றேன். "ஒரே ஒரு எழுத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

மகாராணி அழுதுகொண்டே, தவறு தன்னுடையது என்றாள். செய்தி ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "கழுகு பாத்த பக்கமாச்சே?"

"கண்ணுல படல சார்."

நம்பிவிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவை என்று மன்னித்தும்விட்டார். பாவி, என்னடி செஞ்சு வெச்சிருக்க?

ஜூன் 24, திங்கள்

நாற்காலி எனக்கு. ஒன்றாம் தேதியிலிருந்து. அவளைக் கீழ்த்தளத்தில் விளம்பரம் வாங்கும் கவுண்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் இடம் ஒதுக்கிவிட்டாள்.

ஜூன் 26, புதன்

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். இருக்கிறேன் இல்லையா?

ஜூன் 28, வெள்ளி

மதியம் மகாராணி மாடிக்கு வந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை என் மேசையில் வைத்தாள். அன்று நான் பிழை பார்த்த முதல் பக்கம். வடிவமைப்பாளர் பழைய தாள்களைக் கழிக்கும்போது அவள் கண்ணில் பட்டதாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'ல'வைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம், ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் வெளுத்திருந்தது.

"தப்பு என்னோடதுதான்க்கா. யாருகிட்டயும் காட்டல" என்றாள். படி இறங்கப் போனவள் திரும்பி, "ரப்பர் சரியா அழிக்கல" என்றாள்.

கத்தியிருக்கலாம். நாலு பேரைக் கூட்டியிருக்கலாம். நானாக இருந்தால் கூட்டியிருப்பேன். இதிலும் அவளே என்னை முந்திக்கொண்டாள் என்று இப்போதும் எரிகிறதே, நான் என்ன ஜன்மம்?

ஜூன் 29, சனி

தாளைச் செய்தி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பாத்துட்டுத்தான் விட்டியா?" ஆமாம் சார் என்றேன். அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார், நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார். இனி என்னை யாரும் கழுகு என்று கூப்பிட மாட்டார்கள். வீட்டில் என்ன சொல்வது?

ஜூலை 15, திங்கள்

இரங்கல் பதினொன்று. மார்ச்சுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. வேறு இடங்களுக்கு எழுதிப் போட ஆரம்பித்திருக்கிறேன்.

மகாராணி ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மரியாதையாகப் பேசுகிறாள், அக்கா என்று மட்டும் கூப்பிடுவதில்லை. ஞாயிறு மலரில் மறுபடியும் அவள் பெயர். வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

பதினொன்றரைக்குப் பக்கம் வந்தது. அவள் போட்ட தலைப்பு: 'விலைநிலங்களில் வெள்ளம்.' அடியே, பெரிய ள!

பென்சிலைத் தொடவே இல்லை. பேனாவிலேயே வட்டம் போட்டேன்.