நெற்றியில் படாத தண்ணீர்

ஆயா,

இன்று காலை என் பேரனின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியதும் அது வீறிட்டு அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மெழுகுவத்திப் புகையோடு அந்த ஈரத் தலையின் வாசனையும் சேர்ந்து வந்தபோது, முத்தியால்பேட்டை வீட்டின் பின்னறையில் நீ படுத்துக் கிடந்த மத்தியானத்துக்கே போய்விட்டேன். முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினொரு வயது. அன்று நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் கிளார்க்காகப் போன அப்பா, முதல் உலகச் சண்டை முடிந்ததும் பிரெஞ்சு நாட்டிலேயே உன் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்காக அம்மா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளானாள். யூத வீட்டுப் பெண் கோயிலில் மோதிரம் மாற்றுவதை உன்னால் பார்க்க முடியவில்லை. நீ கல்யாணத்துக்குப் போகவில்லை. புதுச்சேரியிலிருந்து அவள் எழுதிய கடிதங்கள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. என்னைப் பெற்ற மூன்றாம் மாதம் அவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று அப்பா எழுதினார். அடுத்த கப்பலில் நீ வந்து இறங்கினாய். திரும்பிப் போகவே இல்லை.

குருசுக்குப்பத்திலிருந்து வரும் மீன்காரிதான் உனக்குத் தமிழ் வாத்தியார். வெள்ளைக்காரப் பாட்டி வாசலில் நின்று, "இன்னாம்மா, நேத்து மீனா இது?" என்று அதட்டுவதைக் கேட்கத் தெருவே கூடும். செதில் இல்லாத மீனை நீ தொடமாட்டாய்; யூத வீட்டில் அது விலக்கு.

வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும் முன் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வாய். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கம்மா ஏத்துனாங்க. அவங்கம்மா ஏத்துனாங்க."

"எங்கம்மாவும் ஏத்துனாங்களா?"

"சின்னப் பொண்ணா இருந்தப்ப அவளும் ஏத்துனா, பாப்பா."

என் தலையை வாரும்போது சில நாள் அவள் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிடுவாய். அப்புறம் கொஞ்ச நேரம் சீப்பு நகராது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் கையை விரித்துவிட்டார். நீ அப்பாவைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாய்.

"அவ கல்லறைக்குப் பக்கத்துல எனக்கு எடம் குடுப்பாங்களா? உசுரோட இருந்தப்ப ஒரு வரி எழுதல அவளுக்கு."

அப்பா சாமியாரைப் பார்த்துவிட்டு வந்தார். கட்டில் ஓரத்தில் நின்றபடி, "ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டா குடுப்பாங்களாம்" என்றார்.

"வேணாம். நான் பொறந்தபடியே போறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நம்மோடு இருந்த அப்பாவின் அக்காவை, அத்தையைத் தப்பாக நினைக்காதே. உன் அழுக்குத் துணிகளை முகம் சுளிக்காமல் அலசியவள் அவள்தான். மறுநாள் மத்தியானம் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சாவப்போறவங்களுக்கு யாரு வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம்டி. நான் போனா சந்தேகப்படுவாங்க. தூங்கும்போது நெத்தியில ஊத்திட்டு வார்த்தையச் சொல்லிடு. இல்லன்னா ஆயா நரகத்துக்குப் போயிடும்."

நான் அதை அப்படியே நம்பினேன், ஆயா. ஞான உபதேச வகுப்பில் எனக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். நீ நெருப்பில் கிடப்பதை நினைத்துக்கொண்டே உன் கட்டிலுக்கு வந்தேன். உன் வாய் லேசாகத் திறந்திருந்தது. தம்ளரை உன் நெற்றிக்கு மேலே கொண்டுபோய், "பிதா, சுதன்" என்று ஆரம்பித்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. அதற்குள் நீ கண்ணைத் திறந்துவிட்டாய்.

என்னைப் பார்த்தாய். தம்ளரைப் பார்த்தாய். எல்லாம் உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

"தண்ணி எடுத்தாந்தியா, பாப்பா?" என்றாய். "தாகமாத்தான் இருக்குது. நல்ல பொண்ணு."

தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அவ்வளவையும் குடித்தாய். நாலு மிடறுக்கு நாலு முறை மூச்சு வாங்கியது. அப்புறம் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாய். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

காலையில் சாமியார் வந்தார். அத்தை என்னை அவர் முன்னால் நிறுத்தினாள்.

"நெத்தியில தண்ணி பட்டுச்சாம்மா? வார்த்தைய முழுசா சொன்னியா?"

நரகம் எதுவும் அப்போது என் நினைவில் இல்லை. ஒரு வரி எழுதல அவளுக்கு என்று நீ சொன்னதுதான் காதில் இருந்தது. நீ பிறந்தபடியே போக வேண்டும் என்றால் நான் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். நீ அம்மாவிடம் போக வேண்டும் என்றால் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும்.

"ஆமா, சாமி" என்றேன். "முழுசா சொன்னேன்."

சாயங்காலமே உன்னை அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இரண்டு குழிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. தலைமாட்டில் சிலுவை நட்டு, அத்தை தேர்ந்தெடுத்த பெயரை எழுதினார்கள்: மரியம்மாள். யார் அந்த மரியம்மாள், ஆயா? வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெசமாவே ஊத்துனியா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் தலையில் கைவைத்தார். சாகும்வரை அந்தக் கேள்வியை மறுபடி அவர் கேட்கவில்லை.

எழுபது தாண்டிவிட்டது. இப்போதும் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். கோபம், பொறாமை, மருமகளைப் பேசிய பேச்சு, எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. மன்னிப்புக் கிடைக்க வேண்டுமானால் செய்ததற்கு மனம் வருந்தி மனஸ்தாபப்பட வேண்டும். அம்மா பக்கத்தில் நீ படுத்திருப்பதை நினைத்தால் எனக்கு மனஸ்தாபம் வருவதில்லை. உன் தலைமாட்டில் இருக்கும் பெயரைப் படித்தால் மனஸ்தாபத்தைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு முழந்தாளிடுகிறேன். மற்ற பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.